சொட்டு விழாமல்

தொம்மையின் டிராக்டரை மறுபடியும் என் நிலத்தில் இறக்குவேன் என்று நானே நினைக்கவில்லை. போன பட்டத்தில் கேனைத் தோளில் தூக்கி டீசல் ஊற்றும்போது அவருக்குக் கை வழுக்கி, முக்கால் கேன் மண்ணில் கொட்டிவிட்டது. அந்த இடத்தில் கேப்பை முளைக்கவே இல்லை. என் நிலமோ மயிலம் போகிற பஸ் ரோட்டை ஒட்டி இருக்கிறது. பச்சைக்கு நடுவில் கட்டில் அகலத்துக்குச் சொட்டையாகக் கிடந்ததை ஜன்னலோரம் உட்கார்ந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். இது யார் செய்த வேலை என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அதோடு தொம்மையை உழவுக்குக் கூப்பிடுவது நின்றுபோனது.

மார்கழி மழை விட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் விதைக்கக் கிளம்பினார்கள். வேறு வண்டி கிடைக்கவில்லை. மல்லாட்டையை உடைத்து விதைக்கடலையில் மருந்தும் கலந்தாகிவிட்டது. அதை வைத்திருக்கவும் முடியாது, தின்னவும் முடியாது. வேண்டா வெறுப்பாகத்தான் தொம்மைக்குப் போன் செய்தேன்.

"வா. ஆனா ஒரு சொட்டு மண்ணுல வுழுந்துச்சு, வண்டிய அப்டியே திருப்பிக்கினு போயிடு."

"வுழாதுக்கா," என்றார்.

அவருக்கும் வேறு வழி இல்லை. பக்கத்து ஏழு ஏக்கர் என் வீட்டுக்காரரின் பங்காளி சின்னதுரையுடையது. "அண்ணி கொல்லையில ஒழுங்கா ஓட்டிக் காட்டு, அப்புறம் என்னுத பாக்கலாம்," என்று அவர் சொல்லியிருந்தார். சின்னதுரை கூப்பிட்டால் ஊரே கூப்பிடும். இந்த வேலையும் தட்டிப்போனால் டிராக்டரை விற்றுவிடுவது என்று வீட்டில் பேசி முடித்துவிட்டதாகத் தொம்மையின் மனைவி பாக்கியமேரி என்னிடம் சொல்லியிருந்தாள்.

தொம்மை வந்தார். இரண்டு கேன் டீசலை வீட்டிலிருந்தே பைக்கில் கட்டி எடுத்து வந்து இறக்கிவிட்டுப் போனான் அவர் தம்பி. எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறும்வரை காத்திருந்தார் தொம்மை. கீழே சாக்கு விரித்தார். டேங்க் வாயைச் சுற்றித் துணி கட்டினார். புனலைச் செருகி, கேனை பானெட்டின் மேலேயே சாய்த்து வைத்து, கைக்குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல ஊற்றினார். இரண்டு கேனும் காலியாயின. சாக்கில் ஒரு ஈரப்பொட்டு கூட இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் லேசில் யாரையும் பாராட்டுகிறவள் இல்லை; வண்டிக்குப் பின்னால் மாட்டிய விதைக் கருவியின் பெட்டியை நிரப்பினேன்.

பாதி நிலம் நன்றாக ஓடியது. பிறகு வண்டி இருமி நின்றது. தொம்மை இறங்கி ஸ்க்ரூவைத் தளர்த்தி, டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி ஏர் எடுத்தார். ஓடியது. இரண்டு சால் போனதும் மறுபடி நின்றது. மறுபடி ஏர். மறுபடி ஒரு சால். கிழக்கே மரக்காணம் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இந்தக் களிமண்ணில் இன்னொரு மழை விழுந்தால் ஒரு வாரத்துக்கு வண்டி இறங்காது. மீதி விதை குப்பைக்குத்தான்.

தொம்மை டேங்கின் அடிக்குழாயைக் கழற்றிப் பார்த்தார். டீசல் நூலாக ஒழுகியது. கம்பியை விட்டுக் குத்தியதும் குபுகுபுவென்று வந்தது. சட்டென்று விரலால் அடைத்து, குழாயைத் திரும்ப மாட்டினார்.

"உள்ள எதுவோ கெடக்குதுக்கா. வந்து வந்து அடைக்குது."

அப்போதுதான் அவர் கண் காலிக் கேனின் மூடிக்குப் போனது. பைக்கில் வரும்போது கசியக் கூடாது என்று மூடிக்கு அடியில் கடையில் கொடுத்த பிளாஸ்டிக் கவர் ஒன்றைக் கிழித்து வைத்து இறுக்கியிருந்தார். இப்போது அதில் பாதிதான் மூடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"டேங்கு வாயில ஜல்லட இருக்குமே?" என்று கேட்டேன்.

"கழட்டி வெச்சுட்டேன்க்கா. அது இருந்தா மெதுவா எறங்கும், பொங்கி வழியும்."

சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை எனக்கு.

"டேங்க காலி பண்ணணும். வூட்டுக்குப் போயி டியூபு எடுத்துக்கினு வந்தா மேல இருந்தே இழுத்துடலாம்," என்றார்.

"போயிட்டு வர்றதுக்குள்ள மழ வந்துடும். அடியில தொறந்து வுடு."

"அடியில தொறந்தா வண்டி சேஸு மேல பரவி ஊத்தும்க்கா. பாதி மண்ணுலதான் போவும். நீயே சொல்லிக்கீற..."

"சொன்னது நான்தானே? இப்ப நான்தான் சொல்றேன். தொற."

அவர் அசையவில்லை. ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு நானே குனிந்து அடி நட்டைத் திருகினேன். என் பலத்தையெல்லாம் போட்டுத் திருகினேன்.

"அந்தப் பக்கம் திருப்புனா இறுகும்க்கா," என்றார் தாங்க முடியாமல்.

"அப்ப நீ திருப்பு!"

திருப்பினார். விதை அள்ளும் பாண்டுச் சட்டி இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்தேன். பாண்டு நிரம்ப நிரம்ப அவர் கேனில் கொட்டினார். பாதிக்குமேல் தப்பியது. மீதி சக்கரத்தை நனைத்து, என் புடவையை நனைத்து, சாலுக்குள் இறங்கியது. கடைசியில் சப்பென்று வந்து விழுந்தது ஒரு மஞ்சள் கவர்த்துண்டு. தீப்பெட்டி அளவுகூட இருக்காது.

நட்டை இறுக்கி, கேனில் சேர்ந்ததைத் துணியில் வடிகட்டி ஊற்றி, ஏர் எடுத்துக் கிளப்பினார். அதன்பிறகு வண்டி நிற்கவில்லை. கடைசிச் சாலில் இருந்தபோது தூறல் விழுந்தது. நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சின்னதுரை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பைக்கில் வந்து நின்றார். மூக்கைச் சுருக்கினார்.

"இன்னா அண்ணி, மறுபடியும் டீசலு நாத்தம்? திருந்தவே மாட்டாரா இவரு?"

தொம்மை தலையைக் குனிந்துகொண்டு விதைக் கருவியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"அவர ஏன் கேக்குற? நான்தான் கொட்டுனேன்," என்றேன். "என் கொல்லை, நான் கொட்டுவேன்."

"அக்கா எனக்காகச் சொல்லுது," என்றார் தொம்மை. "கேன்ல கவரு வெச்சது நான். ஜல்லடய கழட்டுனதும் நான்தான். டேங்கு அடச்சிக்கிச்சு. அதான் தொறக்க வேண்டியதாப் போச்சு."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "வாய மூடிக்கினு இருக்க மாட்டியா நீ?"

சின்னதுரை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை சால்கள் நேராக இருந்தன.

"ஈரம் காஞ்சதும் ஜல்லடய மாட்டிக்கினு என் கொல்லைக்கு வந்துடு," என்று சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பினார்.

"வர்றேன்," என்றார் தொம்மை. பைக் ரோடு ஏறும்வரை அங்கேயே நின்றார்.

"நின்னுக்கினு இருக்கியே," என்றேன். "பாக்கியமேரிக்குப் போன் பண்ணி சொல்லு, போ."