ரவுடி பரேடு

போன வாரம்தான் ப்ரஹ்லாத் சார் வகுப்பில் உருகி உருகிப் பாடம் நடத்தினார். ஒருவனைக் குற்றவாளி என்று முத்திரை குத்திவிட்டால், பிறகு அவன் எப்படி வாழ்ந்தாலும் ஊர் அந்த முத்திரையைத்தான் பார்க்கும் என்றார். சமூகவியலும் குற்றவியலும் படிக்கிற நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். இந்த வாரம் அதே மனிதர் எங்களைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ரவுடி பரேடு பார்க்கக் கூட்டி வந்திருந்தார். தேர்தல் வருகிறதாம். ரவுடி என்று பெயர் பதிந்திருக்கும் ஆட்களை வரவழைத்து, வாசலில் வரிசையாக நிறுத்தி, மிரட்டி அனுப்புவார்கள்.

"உடல்மொழியைக் கவனியுங்க. யார் நம்ம கண்ணைப் பார்க்கறான், யார் பார்க்கலைன்னு குறிச்சுக்குங்க," என்றார் சார்.

வரிசையின் நடுவில் என் அண்ணன் ரவி நின்றிருந்தான்.

ஜோகுபாளையத்தில் பேனர் கட்டுகிற தகராறில் சின்ன வயதில் மாட்டியவன் அவன். அடித்தவன் வேறு ஆள். கோர்ட்டே விடுதலை செய்துவிட்டது, ஸ்டேஷன் விடவில்லை. தேர்தல் வந்தால் கூப்பிடுவார்கள், பிள்ளையார் ஊர்வலம் வந்தால் கூப்பிடுவார்கள். பொம்மசந்திராவில் கிடைத்த வேலையும் இதனால்தான் போயிற்று. இப்போது ஆட்டோ ஓட்டுகிறான்.

என்னை இந்தப் படிப்பில் சேர்த்ததே அவன்தான். "நம்ம வூட்ல ஒருத்தராவது இவனுங்களக் கேள்வி கேக்கணும் மித்ரா," என்றான். ஆனால் காலேஜில் தன்னைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். ஆட்டோவைக்கூட ஒரு தெரு தள்ளித்தான் நிறுத்துவான்.

அவன் என்னைப் பார்த்தான். உடனே தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"அந்த ப்ளூ ஷர்ட்டைப் பாரு. கண்ணையே காட்ட மாட்டேங்கறான், ஏதோ பண்ணியிருக்கான்," என்று சொல்லிக்கொண்டே பக்கத்திலிருந்த ஸ்னேஹா எழுதினாள். அந்தச் சட்டைக்குக் காலையில் இஸ்திரி போட்டவள் நான். கல்யாண சவாரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

இன்ஸ்பெக்டர் லத்தி நுனியால் அண்ணனின் தாடையை நிமிர்த்தினார். "ஸ்டூடண்ட்ஸ், இந்த மூஞ்சிய நல்லா பாத்துக்கங்க."

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "சார், இவர் கேஸ்ல கோர்ட் விடுதலை பண்ணிடுச்சு. அப்புறம் எதுக்கு இங்க நிக்க வெக்கறீங்க?"

இன்ஸ்பெக்டர் அண்ணனிடம் திரும்பினார். "இவளு கொத்தா நினகே?" என்னைத் தெரியுமா என்று கன்னடத்தில் கேட்கிறார்.

"கொத்தில்லா சார்," என்றான் அண்ணன். தெரியாதாம். குரலில் நடுக்கமே இல்லை, பல தடவை சொல்லிப் பழகியவன் மாதிரி இருந்தது. லத்தியை விட அந்தப் பதில்தான் எனக்கு அதிகமாக வலித்தது. யாரைக் காப்பாற்ற அவன் தங்கையே இல்லாதவனாக வேண்டும்?

நடந்து போய் அவன் பக்கத்தில் வரிசையில் நின்றேன்.

"சங்கமித்ரா, என்ன பண்றே? இந்தப் பக்கம் வா," என்றார் ப்ரஹ்லாத் சார்.

"இவர் என் அண்ணன் சார். ஸ்னேஹா, என் கண்ணையும் பாத்து எழுதிக்கோ."

ஸ்னேஹாவின் பேனா நின்றுவிட்டது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, "எல்லாத்தையும் கெடுத்துட்டியேடி," என்று முணுமுணுத்தான்.

"நீதானே கேள்வி கேக்கச் சொன்னே," என்றேன். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன்.

"சார், நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலை."