அந்த அக்காவுக்காக அழுதவர்கள்

சுவிஸில், சோலோதுர்ன் நகரத்து நாடக அரங்கு ஒன்றில் எனக்கு வேலை. நாடகம் பார்க்க வருகிறவர்களின் குளிர் ஜாக்கெட்டுகளை வாங்கி மாட்டிவிட்டு நம்பர் கொடுப்பேன். சனம் உள்ளே போன பிறகு பின்கதவைக் கொஞ்சம் திறந்து நானும் பார்ப்பேன். யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

இந்தக் குளிர்காலம் ஒரு ஐரிஷ் நாடகம். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த அக்காவும் தம்பியும் இங்கிலாந்தில் ஒரே அறையில் இருக்கிறார்கள். தாய் சாகக் கிடப்பதாகக் கடிதம் வருகிறது. தம்பி ஊருக்கு ஓடினால் வேலை போய்விடும் என்று அக்கா அதை ஒளித்துவிடுகிறாள். தாயும் போய்விடுகிறாள். கடைசிக் காட்சியில்தான் அவள் உண்மையைச் சொல்கிறாள்: வேலையாவது மண்ணாவது, நீ போனால் திரும்பி வரமாட்டாய், இந்த அறையில் நான் தனியே கிடக்கவேண்டும், அதற்குப் பயந்தேன்.

முதல் நாள் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. என் கதையை என்னைக் கேட்காமல் எவனோ எடுத்துவிட்டான் என்று.

பதினொரு வருடத்துக்கு முன் நானும் என் தம்பி பானுஜனும் பேர்ண் நகரத்தில் பூம்ப்ளிஸ் என்ற பகுதியில் ஒரே அறையில் இருந்தோம். இருவருக்கும் அகதி விசா. ஊருக்குப் போனால் அந்த விசாவை வெட்டிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து யாழ்ப்பாணத்தில் அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தார். அம்மாவின் போன் பழுது என்று தம்பியிடம் சொன்னேன். அவனுக்குச் சொல்லவேண்டாம் என்று ஊரில் மாமியின் வாயையும் கட்டினேன். அவன் வேலைக்குப் போனதும் நான் மட்டும் அம்மாவோடு கதைப்பேன். "தம்பி எங்கை?" என்று அம்மா கேட்பார். வேலை என்பேன். பன்னிரண்டு நாள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அம்மா போன பிறகு, "உன்ரை விசாவுக்காகத்தான்" என்று அவனிடம் சொன்னேன். அன்றோடு அவன் என்னோடு பேச்சை நிறுத்தினான். நான் சோலோதுர்னுக்கு வந்துவிட்டேன். அங்கிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை.

நாடகம் முடிந்து ஜாக்கெட் வாங்க வருகிறவர்களின் கண்கள் சிவந்திருக்கும். ரயில் இரண்டு நிமிடம் பிந்தினால் முகத்தைச் சுளிக்கிற சனம் அந்தப் பொய்க்காரியைப் பாவம் என்றது. ஒரு வயதான பெண் என் கையைப் பிடித்து, "அவளும் என்ன செய்வாள், தனிமை அப்படி" என்றாள். அவள் போன பிறகு ஜாக்கெட்டுகளுக்கு நடுவே நின்று அழுதேன். ஊர் முழுக்க மன்னிக்கிற பிழையை ஒருவன் மன்னிக்கமாட்டானா?

கடைசி நாள் ஞாயிறு பின்னேரம் நாடகம். ஒரு டிக்கெட்டை உறையில் போட்டுப் பூம்ப்ளிஸுக்கு அனுப்பினேன். கூட ஒரு வரி எழுதத் தைரியம் வரவில்லை.

வந்தான். முன்மயிர் கொட்டியிருந்தது. ஜாக்கெட்டை என் மேசையில் வைத்தான், நம்பரை எடுத்தான், போனான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று நான் மேடையைப் பார்க்கவில்லை. பின்கதவில் நின்று அவனையே பார்த்தேன். மேடையில் அந்த அக்கா உண்மையைச் சொல்லத் தொடங்கியதும் அவன் கண்ணாடியைக் கழற்றினான். உள்ளங்கையால் கண்ணைத் துடைத்தான். பிறகும் துடைத்தான். எனக்கு வந்ததைச் சந்தோஷம் என்றுதான் சொல்லவேண்டும்.

எல்லாரும் போகும்வரை ஓரமாக நின்றுவிட்டு வந்தான். நான் ஜாக்கெட்டைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டேன்.

"விசாவுக்காக இல்லை, தம்பி. நீ போனா திரும்பி வரமாட்டாய் எண்டு பயந்தனான். எனக்கு வேறை ஆர் இருந்தது? அதாலதான் மறைச்சனான்."

"ஓம். அது எனக்கு அண்டைக்கே தெரியும்."

"நீ அழுததைப் பாத்தனான்."

"அழுதனான்தான். பாவம், அந்தப் பொம்பிளை."

"அப்ப நான்?"

பதினொரு வருடத்தில் முதல் தடவையாக என்னை நேரே பார்த்தான். அந்த முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அவள் மறைச்சது என்ரை அம்மாவை இல்லையே, அக்கா."