மோன்ஃப்ரேலில் விழுந்த பற்கள்

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. கம்பளியைக் காலுக்கு இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள், ஒரு கதை சொல்கிறேன். எங்கள் மோன்ஃப்ரேல் ஊரில் நெப்போலியன் சக்கரவர்த்தியின் பொன்மொழியை யார் வாய்விட்டுச் சொன்னாலும் ஒரு பல் விழுந்தது. முன்பல்தான் முதலில் விழும்.

பாலாடைக்கட்டி செய்யும் பெர்ரினின் மூத்த மகன் மத்யூரேன் ஸ்பெயின் போரில் செத்து, அவனுடைய முதுகுப்பை மட்டும் வீடு திரும்பிய ஞாயிற்றுக்கிழமை அது தொடங்கியது. ஒவ்வொரு சிப்பாயின் முதுகுப்பையிலும் பெருந்தளபதியின் செங்கோல் ஒன்று இருக்கிறது என்பது சக்கரவர்த்தியின் வாசகம். பெர்ரின் மாதா கோயில் வாசலிலேயே பையைத் திறந்து பார்த்தாள். இரண்டு அழுகிய கிழங்கு, பேன் ஊரும் சட்டை, புழுத்த குதிரைக் கறி ஒரு துண்டு. அந்த நாற்றம் அப்புறம் ஊரை விட்டுப் போகவில்லை. அதே வேளையில் படிமேல் நின்று முரசறைந்து அந்த வாசகத்தைப் படித்த தண்டோராக்காரன் அன்செல்மின் பல் ஒன்று முரசின்மேல் விழுந்து ‘டக்’கென்றது. அவன் அதை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மீதியைப் படித்தான். குளிர்காலம் வருவதற்குள் அவன் வாயில் ஈறுதான் மிச்சம். வெற்றிச் செய்திகளெல்லாம் எச்சிலாகத்தான் தெறித்தன. பதக்கத்துக்கு ஆசைப்பட்ட ஊர்த்தலைவர் ஒரே விருந்தில் பதினொரு பல்லைச் சூப்பில் உதிர்த்தார். விருந்தாளிகள் கரண்டியால் ஓரமாக ஒதுக்கிவிட்டுக் குடித்தார்கள். விழுந்த பற்கள் கறுத்து, அந்தக் குதிரைக் கறியைப் போலவே நாறின. காக்கைகூடத் தொடவில்லை.

பெர்ரினும் இளைய மகன் கில்பேரும் அந்த வாசகத்தை ஒருநாளும் வாயில் எடுத்ததில்லை. இருவருக்கும் முப்பத்திரண்டு பல்லும் இருந்தன. வாதுமைக் கொட்டையைக் கடித்தே உடைப்பார்கள். அடுத்த வசந்தத்தில் பட்டாளத்துக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். இருபதுக்குள் எண் எடுத்தவன் போக வேண்டும். கில்பேர் எடுத்தது நான்கு.

தோட்டாவின் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்துத்தான் மருந்தைத் துப்பாக்கியில் கொட்ட வேண்டும். முன்பல் இல்லாதவன் பட்டாளத்துக்கு ஆகமாட்டான். மற்றப் பையன்கள் தோல் பதனிடும் கொட்டகைக்குப் பின்னால் போய் நாலு தடவை வாசகத்தைச் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். விசாரிக்க இரண்டு காவலர்கள் வந்தார்கள். பட்டாளத்துக்குத் தப்ப விரலை வெட்டிக்கொண்டால் சிறையில் போடலாம். சக்கரவர்த்தியின் சொல்லைச் சொன்னவனை எந்தக் குற்றத்துக்குப் பிடிப்பது? எழுதிய வாக்குமூலத்தை உரக்கப் படித்துப் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு பல் குறைவாகத் திரும்பிப் போனார்கள்.

கில்பேர் மட்டும் மாட்டேன் என்றான். வியாழக்கிழமை வைத்தியச் சோதனை. புதன்கிழமை மத்தியானம்வரை பெர்ரின் கெஞ்சினாள்.

“அண்ணனத் தின்ன வார்த்தம்மா அது. நினைச்சாலே குமட்டுது. என் வாயில வைக்க மாட்டேன்.”

“வச்சுட்டுத் துப்பிடுடா. சாணிய மிதிச்சா கழுவிட்டு வர்றதில்லையா?”

“பெருசா சொல்ல வந்துட்ட. நீ சொல்லுவியா?”

பெர்ரின் பால் கிண்ணத்தை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு வாசகத்தைச் சொன்னாள். பல் கிண்ணத்தில் விழுந்தது. எச்சிலைத் துப்பிவிட்டு மறுபடி சொன்னாள். குமட்டலை விழுங்கி விழுங்கிச் சொன்னாள். ஏழாவது பல்லில் உதடு உள்ளே மடிந்து, அவள் முகம் வேறு யாரோ கிழவியின் முகமாகியிருந்தது.

“இன்னும் இருபத்தஞ்சு இருக்கு, நீ நிதானமா யோசி,” என்றாள். சொல்லெல்லாம் காற்றாகப் போயிற்று.

எட்டாவதுக்கு அவள் வாயைத் திறந்தபோது கில்பேர் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டான். நாலு தடவை சொன்னான். நாலு தடவையும் வாந்தி எடுத்தான்.

மறுநாள் வைத்தியர் அவன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார், விரலைத் துடைத்துக்கொண்டார், தகுதியில்லை என்று எழுதினார். கில்பேர் நடந்தே வீட்டுக்கு வந்து மாட்டைக் கறந்தான்.

பிற்பாடு சக்கரவர்த்தியைத் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். பல் யாருக்கும் முளைக்கவில்லை. ராஜா வந்தார், அவருடைய வாசகங்களும் வந்தன. அன்செல்ம் முரசறைந்தான், ஊர் உதட்டை இறுக்கிக்கொண்டு கேட்டது. மோன்ஃப்ரேலில் இன்றைக்கும் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத்தான் தின்கிறோம். வெயில் ஏறினால் மாதா கோயில் படியில் குதிரைக் கறி நாறும். நாங்கள் சற்று ஒதுங்கிப் போவோம், அவ்வளவுதான்.

உங்கள் பிள்ளைகளுக்கு வயதாகித்தான் பல் விழட்டும், கண்ணுகளா. அதுவரை அவர்கள் உங்கள் மேசையிலேயே உட்கார்ந்து தின்னட்டும்.