தீசுக்கோ தல்லி

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறியதிலிருந்து சௌடப்பன் வாயைத் திறக்கவில்லை. தன் நாக்கின் மேலேயே அவனுக்கு நம்பிக்கை போயிருந்தது. திருச்சுழிக் கண்மாயில் இன்றைக்கு அவனுக்கு ஞானஸ்நானம். முங்கி எழுந்ததும் "அல்லேலூயா" என்று சொல்ல வேண்டும், "இயேசுவே" என்றாவது சொல்ல வேண்டும். அது வராமல் வேறொன்று வந்துவிட்டால் என்ன செய்வது? அந்தக் கவலையில் நாலைந்து நாளாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனைவி லிங்கம்மாள் துணைக்கு வந்தவள் அல்ல, தடுக்க வந்தவள். சாதிப் பெரியவர் ஜோதிலிங்கம் அவளைக் கூப்பிட்டுச் சொல்லியனுப்பியிருந்தார். "முங்குறதுக்கு முன்னாடி கூட்டிட்டு வந்துட்டா ஒண்ணுமில்ல தாயி, எப்பவும்போல கோயிலுக்கு வரட்டும். முங்கிட்டா முங்குனதுதான். அதுக்கப்புறம் நம்ம பந்தியில அவனுக்கு எலை கெடையாது." பெரிய மனுஷர்கள் இப்படித்தான். கஷ்டமான வேலையைப் பெண்பிள்ளை தலையில் கட்டிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

தறி நெய்கிற தெலுங்கு வீடு அவர்களுடையது. குலதெய்வம் சௌடம்மன், அவள் பேரைத்தான் அவனுக்கும் வைத்திருந்தார்கள். தசராவில் அம்மனை அழைத்து வரும்போது ஆண்கள் மார்பிலும் தோளிலும் கத்தி போட்டுக்கொண்டு "தீசுக்கோ தல்லி" என்று கத்துவார்கள். எடுத்துக்கொள் தாயே என்று அர்த்தம். இரத்தத்தைப் பார்த்தால்தான் அம்மன் நகர்வாள் என்பது அவர்கள் நம்பிக்கை. மீசை அரும்பிய வயதிலிருந்து கத்தி போட்டவன் சௌடப்பன். அவன் போடுகிற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

முந்தின வருஷம் போட்ட வெட்டு ஒன்று மஞ்சள்பொடிக்கு ஆறவில்லை. சீழ் கோத்து, காய்ச்சல் கண்டு, மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கட்டு மாற்ற வந்த நர்ஸம்மா, எதற்காக இப்படி வெட்டிக்கொண்டாய் என்று கேட்டாள். சொன்னான். "உனக்காக ஒருத்தர் ஏற்கெனவே இரத்தம் சிந்திட்டாருப்பா. இனிமே நீ வெட்டிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். சொன்னதை அவள் அன்றைக்கே மறந்திருப்பாள். இவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதான்.

ஒன்றும் கொடுக்காமலே கிடைப்பதற்குக் கிருபை என்று பெயர் என்பதைப் பிறகு பாஸ்டர் பொன்ராஜ் சொல்லித் தெரிந்துகொண்டான். லிங்கம்மாளுக்கு அது பிடிபடவேயில்லை. கேட்காமல் கொள்ளாமல் யார் எதைத் தருவார்கள்? பக்கத்து வீட்டில் உறை மோர் வாங்கினால்கூட மறுநாள் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க முடியாதே.

"பால்ச்சாமி கதை தெரியுமா ஒனக்கு?" என்று பாதி வழி தாண்டியதும் சௌடப்பன் மெதுவாகக் கேட்டான். அவர்கள் பேசியது தெலுங்கில், அதனால் பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "முங்கி எந்திரிச்சதும் வாய்தவறி 'முருகா'ன்னுட்டான். பழசு இன்னும் ஒன்னய விட்டுப் போகல, இது செல்லாதுன்னு பாஸ்டரு திருப்பி அனுப்பிட்டாரு. அவன் சொந்தக்காரங்களும் சேத்துக்கல. இப்ப எங்க கெடக்கான்னே தெரியல."

"அப்ப எறங்குங்க. எதுத்தாப்புல வார பஸ்ஸுல ஏறி வீட்டுக்குப் போவோம்."

"எனக்கு இது வேணும் லிங்கம்மா."

அவளுக்கு எரிச்சலாக வந்தது, பாவமாகவும் இருந்தது. குழம்பில் உப்பில்லை என்றால்கூட வாய் திறந்து கேட்காத மனுஷன். கல்யாணமாகி இத்தனை காலத்தில் முதல்முறையாக ஒன்றை வேணும் என்கிறான், அது இப்படியா இருக்க வேண்டும்?

கார்த்திகை மழைக்குக் கண்மாய் பாதி நிறைந்திருந்தது. கரையில் சபையார் கொஞ்சப்பேர் பாடிக்கொண்டிருந்தார்கள். பாஸ்டர் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தங்கமான மனுஷர், ஆனால் முங்கி எழுகிறவர் வாயில் என்ன வருகிறது என்பதில் மட்டும் கறார். முதலில் முத்துத்தாய் என்கிற பெண் முங்கி எழுந்து "இயேசுவே" என்றாள். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள் என்று சௌடப்பன் அவளைப் பொறாமையாகப் பார்த்தான். அவன் உதடு அந்தப் பேரையே முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சட்டையைக் கழற்றியபோது மார்பிலிருந்த தழும்புகளைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு கணம் தடுமாறினார்கள்.

அவன் முழங்கால் தண்ணீரில் இறங்கியதும் லிங்கம்மாள் கரையோரத்துக்கு ஓடினாள்.

"ஏங்க, வந்துருங்க. இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல."

அவன் திரும்பிப் பார்த்தான். கண்ணில் அப்படியொரு பயம். திரும்பிவிடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் தலையை ஆட்டிவிட்டு உள்ளே நடந்தான்.

பாஸ்டர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லி அவனை முக்கினார். முங்கியாயிற்று. லிங்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணீர் சளசளவென்று வழிகிற சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற அந்தப் பழைய குரல் கேட்டது.

"தீசுக்கோ தல்லி."

பாட்டு நின்றுவிட்டது. லிங்கம்மாள் கண்ணைத் திறந்தபோது சௌடப்பன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். நடுக்கத்தில் அவனைச் சுற்றித் தண்ணீரே அதிர்ந்தது.

"என்னப்பா சொன்ன?" என்றார் பாஸ்டர். அவன் பொத்திய கையை எடுக்கவில்லை. அவர் கரையைப் பார்த்தார். "ஏம்மா, இது உங்க பாஷைதான? என்ன சொன்னாரு?"

எல்லோரும் லிங்கம்மாளைப் பார்த்தார்கள். உள்ளதைச் சொன்னால் போதும், அம்மனைக் கூப்பிட்டவனைப் பாஸ்டர் கையை விட்டுவிடுவார். அதற்காகத்தானே அவள் இவ்வளவு தூரம் வந்தாள்? ஆனால் முங்கிட்டா முங்குனதுதான். ஜோதிலிங்கம் சொன்னால் சொன்னதுதான். இவர் விட்டுவிடுவார், அவர் சேர்க்கமாட்டார். நடுத்தண்ணீரில் நிற்கிற இந்த மனுஷன் கரையேறி எங்கே போவான்?

"'எடுத்துக்கோ'ன்னு அர்த்தங்கய்யா," என்றாள்.

"தல்லின்னா?"

சௌடப்பன் வாயிலிருந்து கையை எடுத்தான். அவளைத் தடுப்பதற்கா, கும்பிடுவதற்கா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"ஆண்டவரேன்னு அர்த்தம். எங்க வீட்டுல அப்படித்தான் கும்புடுவோம்."

பாஸ்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எடுத்துக்கோ ஆண்டவரே. இதைவிட வேற என்ன ஜெபம் வேணும்? எல்லாரும் சொல்லுங்க." சபையார் கையை உயர்த்தி, பழகாத வார்த்தையை நாக்கில் புரட்டிப் புரட்டி, "தீசுக்கோ தல்லி, தீசுக்கோ தல்லி" என்றார்கள். லிங்கம்மாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சௌடம்மா, கோவிச்சுக்காதே என்று வேண்டிக்கொண்டாள். இவுக சாமியும் கோவிச்சுக்கக் கூடாதே என்று அந்தப் பக்கமும் ஒரு வேண்டுதல் போட்டு வைத்தாள்.

கூட்டம் கலைந்ததும் வேலிக்கருவைப் புதர் மறைவில் அவன் வேட்டி மாற்றினான். அவள் திரும்பி நின்று ஈர வேட்டியைப் பிழிந்தாள். தழும்பு தெரியாமல் துண்டைப் போர்த்திக்கொண்டு அவன் பக்கத்தில் வந்தான்.

"ஏன் லிங்கம்மா அப்படிச் சொன்ன? நீ என்னத் தடுக்கத்தான வந்த?"

"முங்குறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா உள்ளதத்தான் சொல்லியிருப்பேன்."

"நான் கும்புட்டது யாரன்னு எனக்கே தெரியல. பயமா இருக்கு. அது செல்லுமா?"

அவள் வேட்டியை உதறினாள். அவளுக்கும் தெரியவில்லை. பெரியவரிடம் என்ன சொல்வது, நாளைக்கு யார் வீட்டு வாசலில் நிற்பது, எதுவும் தெரியவில்லை. கோபம் கோபமாக வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

"தொண்டை கிழிய எடுத்துக்கோ எடுத்துக்கோன்னு கத்துறீங்க," என்றாள். "யாராச்சும் ஒருத்தர் எடுத்துக்கணும்ல."

ஈர வேட்டியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அருப்புக்கோட்டை பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து அவனுக்கு முன்னால் நடந்தாள்.