ஆர்வில் அழுத காட்சி

நாற்காலியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், கண்ணுகளா. குளிர்ந்தால் அந்தப் போர்வையைக் காலில் சுற்றிக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு கொலைகாரனின் கதை சொல்கிறேன். பயப்பட வேண்டாம், அவன் ஒரு கோழியைக்கூடக் கொன்றதில்லை.

எங்கள் ஊரில் மாடு அறுக்கும் ஆலையை மூடிய பிறகு அந்தக் கட்டடத்துக்குள் எலிகளைத் தவிர யாரும் போனதில்லை. ஒரு வசந்தகாலத்தில் கிளீவ்லாந்திலிருந்து லெஸ்டர் பாங்க் என்பவன் ஒரு ஓட்டை வேனில் வந்து இறங்கினான். அதுவரை டயர்க் கடைகளுக்கு விளம்பரப் படம் எடுத்துப் பிழைத்தவன். கூடவே ஒரு கேமராக்காரன், நன்றாக அலறத் தெரிந்த இரண்டு பெண்கள். ஆலையை மூடியதும் புத்தி பேதலித்த ஒரு கசாப்புக்காரன், வழி தவறி வரும் பெண்களை வெட்டுகிறான். படத்தின் கதை அவ்வளவுதான். காருக்குள் உட்கார்ந்தபடியே பார்க்கும் திறந்தவெளித் தியேட்டர்களில் அப்போது வாரத்துக்கு ஒன்று இப்படி ஓடிக்கொண்டிருந்தது.

அவர்களுக்குச் சாப்பாடு என் கடையில்தான். ரத்தமும் என் கடையில்தான். சோளப்பாகில் சிவப்புச் சாயம் கலந்து, ஒரு கரண்டி சாக்லேட் குழம்பு விட்டுக் கிண்டினால் அசல் ரத்தம். என்ன, ஈ மொய்க்கும்.

லெஸ்டருக்குக் கொலைகாரன் மட்டும் கிடைக்கவில்லை. அப்போதுதான் ஆர்வில் டீக் காப்பி குடிக்க வந்தான். என் கடை வாசலில் தலை குனிந்து நுழைகிற ஒரே ஆள் அவன். லெஸ்டரின் கை கோப்பையோடு பாதியில் நின்றது.

"யாரும்மா அது?"

"எங்க ஸ்கூல் பஸ் டிரைவர்."

"பஸ் ஓட்டுறானா? இந்த ஆளு மாட்டையே தூக்குவான் போலிருக்கே!"

"தூக்குவான். முதல்ல அதுகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத் தூக்குவான்" என்றேன்.

ஆர்வில் சம்மதிப்பான் என்று நான் நினைக்கவில்லை. முந்தைய குளிர்காலத்தில்தான் அவன் மனைவி நாடீன் இறந்திருந்தாள். அடக்கத்தில் அவன் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. திங்கட்கிழமை பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஊரில் அதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசினார்கள்.

"உனக்கெதுக்குடா சினிமா?" என்று கேட்டேன். நானும் அவனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"சாயங்காலம் வீட்டுக்குப் போனா கடிகாரம் மட்டுந்தான் பேசுது, ஆல்வினா. அங்க நாலு பேர் கத்துறாங்கல்ல."

பள்ளி விட்டதும் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஆலைக்குப் போவான். மரக்கோடாரியைத் தூக்கிக்கொண்டு ஓடுவான், அந்தப் பெண்கள் அலறுவார்கள், இவன் ஓடிப்போய், "எங்கேயாவது பட்டுச்சாம்மா?" என்று கேட்பான். கடைசியில் ஒரு காட்சி பாக்கி இருந்தது. கொலை செய்த கையைக் குழாயடியில் கழுவிக்கொண்டே பைத்தியம்போலச் சிரிக்க வேண்டும். நான் பாகுச் சட்டியோடு பக்கத்தில் நின்றேன். ஆர்வில் சிரித்தான். விக்கல் வந்தவன்போல இருந்தது.

"யோவ், சளி பிடிச்ச மாடு இதைவிட நல்லாச் சிரிக்கும்யா!" லெஸ்டர் தலையில் அடித்துக்கொண்டான். "கேமராவுல ஃபிலிம் தீரப்போகுது. சரி விடு, அழு. அழவாவது வருமா? உனக்கு வேண்டிய யாரையாவது நினைச்சுக்க."

ஆர்வில் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். முதலில் தோள் அசைந்தது. பிறகு அந்தப் பெரிய உடம்பிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எலிகளெல்லாம் ஓடின. அலறுகிற பெண்களில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஃபிலிம் தீரும்வரை கேமரா ஓடியது, தீர்ந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை.

வெளியே அவன் கையில் ஒட்டிய பாகை வெந்நீர்த் துணியால் துடைத்துவிட்டேன். நான் கேட்காமலேயே சொன்னான்.

"அன்னிக்குப் பனி கொட்டுச்சு. நாடீனோட அண்ணன் நடுவழியில கைகாட்டி பஸ்ஸை நிறுத்தினான். கீழ இறங்கிப் போனேன். அவளுக்கு மூச்சு முட்டுது, உடனே ஆஸ்பத்திரிக்கு வாடான்னான். பஸ் நிறையப் புள்ளைங்க, ஆல்வினா. அந்தப் பனியில ரோட்டுல இறக்கிவிட முடியுமா? ஒவ்வொண்ணா வாசல்ல விட்டேன். கடைசி வீடு மலைமேல, ப்ரூயிட் பொண்ணு ரோன்டா. பூட்ஸ் கழண்டுடுச்சு, மாட்டிவிடுங்கன்னுச்சு. மாட்டிவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போறப்போ முகத்தை மூடிட்டாங்க."

துணியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லிடாத. அந்தப் புள்ளைங்க, புள்ளைங்களா இருக்கிறவரைக்குமாவது சொல்லாத" என்றான்.

கோடையின் கடைசி வாரத்தில் படம் வந்தது. ஊரே காரெடுத்துக்கொண்டு போனது. வாசலில் லெஸ்டரின் கொழுந்தியாள் விளம்பரத்துக்காக நர்ஸ் உடுப்பில் நின்று, வாந்தி வந்தால் எடுக்க ஆளுக்கொரு காகிதப்பை கொடுத்தாள். "ஏய், நம்ம ஆர்விலு!" என்று ஹாரன் அடித்தார்கள். கோடாரி ஓங்கும்போதெல்லாம் சிரித்தார்கள். குழாயடிக் காட்சி வந்ததும் ஹாரன் நின்றது. கார்க் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக மேலேறின.

மறுநாள் என் கடையில் கார்னெட் ப்ரூயிட், ரோன்டாவின் அம்மா, தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு ராத்திரி தூக்கமே வரல."

"அட, சினிமாதானே கார்னெட்? நடிப்பு."

"யாரு, ஆர்விலா நடிக்கிறது? கிறிஸ்துமஸ் நாடகத்துல ஆட்டிடையனா சும்மா நில்லுன்னதுக்கே மயங்கி விழுந்தவன்! நடிக்கத் தெரியாதவன் அப்படி அழுதா, அது உள்ளே இருந்துதானே வரணும்? பொண்டாட்டி செத்ததுக்கு அழாதவன் எதுக்கு அழுறான், சொல்லு பார்ப்போம். அவன் பஸ்ஸுல எம்பொண்ணை எப்படி அனுப்புவேன்?"

பாவி மகள் பாதியைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தாள். அது உள்ளே இருந்துதான் வந்தது.

பள்ளி திறந்தபோது பஸ் காலியாக ஓடியது. பெற்றவர்கள் தங்கள் வண்டியிலேயே பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆர்வில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்பான், கதவைத் திறப்பான், கொஞ்ச நேரம் காத்திருந்து மூடுவான். அந்த வாரமே பள்ளிக் குழு அவனைக் கூப்பிட்டது. சாப்பாட்டுக்கூடத்தில் கூட்டம். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் எழுந்து சொல்லிடட்டுமாடா?" என்றேன்.

"வேண்டாம். அந்தப் புள்ளைக்கு பூட்ஸ் மாட்டினதுலதான் ஒரு பொம்பளை தனியா செத்தாள்னு தெரியணுமா? சின்னது அது."

தலைவர் ஹேஸ்கல் இரும்புக்கடைக்காரர், கெட்ட மனிதர் இல்லை. "ஆர்வில், எங்களுக்கு உன்னைத் தெரியாதா? அது வெறும் நடிப்புதான்னு ஒரு வார்த்தை சொல்லு. வீட்டுக்குப் போயிடலாம்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. சொல்லுடா, சொல்லித் தொலைடா என்று முழங்காலில் இடித்தேன்.

ஆர்வில் எழுந்து நின்றான். தொப்பியைக் கையில் சுற்றினான். "நடிப்பு இல்லீங்க" என்றான்.

கூடத்தில் நாற்காலிகள் கிரீச்சிட்டன.

"பின்னே என்னப்பா அது?"

"சொல்ல முடியாதுங்க."

"ஆர்வில், நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன் சார்."

பஸ் சாவியை வளையத்திலிருந்து கழற்ற அவனுக்கு நெடுநேரம் பிடித்தது. விரல்கள் அவ்வளவு தடிமன். மேசைமேல் வைத்துவிட்டுத் தலை குனிந்து வெளியே போனான். கார்னெட் யாரையும் பார்க்காமல் கைப்பையை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் தியேட்டருக்குப் போனான். அங்கே புரொஜெக்டர் ஓட்டியவன் என் தம்பி ஹாலிஸ். லெஸ்டரிடம் இருந்தது ஒரே ஒரு பிரதி. அதைத்தான் கார் டிக்கியில் போட்டு ஊர் ஊராக எடுத்துப் போவான்.

"ஹாலிஸ், குழாயடி வர்ற துண்டு எனக்கு வேணும்."

"லெஸ்டர் கேட்டா என்னப்பா சொல்றது?"

"நாந்தான் எடுத்தேன்னு சொல்லு. அது என்னோடது."

ஹாலிஸ் வேறெதுவும் கேட்கவில்லை. வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் ஒட்டினான். ஆர்வில் அந்தச் சுருளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனான். பிறகு அதை என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை. படப்பெட்டியை எடுக்க வந்த லெஸ்டர் படத்தைப் போட்டுப் பார்த்தான். "இப்பத்தாம்ப்பா விறுவிறுன்னு போகுது" என்றான்.

அதற்குப் பிறகு படம் ஓடிய ஊர்களில் ஆர்வில் வெட்டிக்கொண்டே இருந்தான். அவன் அழுததை அங்கே யாரும் பார்க்கவில்லை. இங்கே கல்குவாரியில் லாரி ஓட்டினான். கல்லுக்குக் கதவு திறந்துவிட வேண்டியதில்லை. காலையில் யாரும் வணக்கம் சொல்லப்போவதில்லை. சாகும்வரை அப்படித்தான் இருந்தான். அடக்கத்துக்கு மொத்தம் ஒரு கார் கொள்ளும் ஆட்கள் வந்தோம்.

அந்தப் பஸ்ஸில் போன பிள்ளைகளுக்கெல்லாம் இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால்தான் சொன்னேன்.

போய்ப் படுங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் அடுப்பு அணையாதிருக்கட்டும். வெளியே போனவர்கள் நேரத்தோடு வந்து சேரட்டும். உங்களில் யாருக்காவது அழுகை வந்தால், ஏன் என்று கேட்டுப் பக்கத்தில் உட்கார வீட்டில் ஓர் ஆள் எப்போதும் இருக்கட்டும்.