பொறுப்பு நின்ற பேபி அன்ரி

1999 மார்ச் பதினாறாந் தேதி காலை, ஐரோப்பா முழுவதற்குமான பொறுப்பு கனடாவின் ஸ்காபரோவில் பதினான்காம் மாடியில் குடியிருந்த பேபி அன்ரியின் தலையில் வந்து இறங்கியது. குறை அவருடைய வாயில்தான். வீட்டு ஒப்பந்தமோ குடிவரவோ, ஊரிலிருந்து வந்த எல்லாருக்கும் பொறுப்பு நின்றவர் அவர். கத்தரிக்காய் முற்றலா என்று யாரும் கேட்டால்கூட “நான் பொறுப்பு” என்பார். அன்று தமிழ் வானொலி, பிரசல்ஸில் ஐரோப்பிய ஒன்றியத்தை நடத்தும் ஐரோப்பிய ஆணையத்தின் இருபது பேரும் ஒன்றாகப் பதவி விலகிய செய்தியை வாசித்தது. பொறுப்புணர்வுள்ள ஒருவரைக் கண்டுபிடிப்பதே கஷ்டம் என்று அவர்களுடைய முறைகேடுகள் பற்றிய விசாரணை அறிக்கை சொன்னதை, அறிவிப்பாளர் அவசரத்தில் “பொறுப்பு நிற்க ஆளில்லை” என்று மொழிபெயர்த்துவிட்டார். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த பேபி அன்ரி பழக்கதோஷத்தில், “சரி, நான் பொறுப்பு” என்றார்.

பத்து மணிக்கு லிஃப்ட் திறந்தது. போர்த்துக்கல் மீனவர், கிரேக்கத்து ஒலிவ் தோட்டக்காரி, பெல்ஜியத்துப் பால்பண்ணைக்காரர் என்று நடைகூடம் நிறைந்தது. பேசியது அவரவர் மொழி. அன்ரிக்குக் கேட்டது யாழ்ப்பாணத் தமிழ். “நாங்கள் வோட்டுப் போடாத ஆக்கள் எங்களுக்கு என்னெண்டு சட்டம் போடுறது?” என்றார் மீனவர். அன்ரி கதவைச் சாத்தினார். அந்தக் கணமே அலுமாரியில் இருந்த வீட்டு ஒப்பந்தம் வெள்ளைத்தாள் ஆகியது. அடுத்த கேள்விக்கும் வாய் திறக்கவில்லை. சுகாதார அட்டையில் பெயர் போனது. மிச்சம் இருந்தது, கனடாவில் நிரந்தரமாக இருக்க அனுமதித்த அவருடைய லாண்டிங் பேப்பர் ஒன்றுதான். அதுவும் வெளுத்தால் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள்.

கணவர் இராஜரட்ணம் அந்தக் கடதாசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குளியலறைக்குள் ஒளிந்தார். “உமக்கென்ன விசரே? எனக்கும் உதுக்கும் சம்பந்தமில்லையெண்டு சொல்லும்!”

“சொன்னாப்போலை போயிடுவினமே? லிஃப்ட் இன்னும் ஏறி இறங்குது, இஞ்சாருங்கோ.”

தோட்டக்காரி கதவைத் தட்டினாள். “நாங்கள் பிரசல்ஸுக்கு எழுதின கடிதங்களை ஆரேன் வாசிச்சவையோ?” குளியலறைக்குள் இருந்து, “எழுத்து மங்குதடியப்பா!” என்று அலறல் கேட்டது. பேபி அன்ரி கதவை ஒரு சாண் திறந்தார். “எனக்குத் தெரியாது, பிள்ளை. ஆனா நீ கேட்டதை எழுதி வைக்கிறன். விசாரிச்சுச் சொல்லுறன். வாற புதன் வந்து என்ரை முகத்தைப் பாத்துக் கேள்.” மங்கிய எழுத்துகள் திரும்பின. இப்படியொரு பதிலை இதற்குமுன் கேட்டிராத ஐரோப்பியர்கள் வரிசை கலையாமல் இறங்கிப் போனார்கள்.

அதன்பின் புதன்தோறும் வந்தார்கள். பயம் போகவில்லை, லிஃப்ட் மணி அடித்தால் அன்ரி முதலில் கதவுச் சங்கிலியைத்தான் தேடுவார். செப்டெம்பரில் பிரசல்ஸில் புதிய இருபது பேர் பதவியேற்றார்கள். வரிசை குறையுமென்று இராஜரட்ணம் கணக்குப் போட்டார். அந்த இருபது பேரும் வரிசையில் வந்து சேர்ந்தார்கள்; சனத்துக்கு என்ன பதில் சொல்வதென்று கேட்க.

நவம்பரில் அன்ரிக்குக் கனடியக் குடியுரிமைச் சத்தியம். குடிமகளின் கடமைகளை நிறைவேற்றுவேன் என்ற இடம் வந்ததும், இராஜரட்ணம் பின்னாலிருந்து கெஞ்சினார்: “வாயை மட்டும் அசையும், சத்தம் வரப்படாது!” வாய் மூடினால் எந்தக் கடதாசி வெளுக்கும் என்பது அன்ரிக்குத் தெரியும். மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னார்.

மறுநாள் விடிய பக்கத்து நகரமான பிறம்ரனில் இருந்து முதல் கனடியர் வந்து நின்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் புதன் ஐரோப்பா, வியாழன் கனடா.