மூன்றாவது சத்தியம்

இன்ஷிரா தலையாட்டினால் அந்தக் கடையில் சாப்பிடலாம். கெய்ரோவில் செய்யிதா ஸைனப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பதினோரு வருடமாக வெளியூர்க்காரர்களைச் சந்து சந்தாகக் கூட்டிப் போய் நல்ல சாப்பாடு காட்டுவதுதான் அவள் பிழைப்பு. அதற்கு ஒரே விதி வைத்திருந்தாள். தட்டு வந்ததும் முதல் வாய் அவளுடையது. அவள் தலையாட்டிய பிறகுதான் விருந்தாளி கை வைக்கலாம். ஆட்டவில்லை என்றால் எழுந்து அடுத்த கடைக்குப் போகவேண்டியதுதான்.

அன்று வந்தவர் நாயிஃப், அம்மானில் ஒரு பத்திரிகையில் சாப்பாடு பற்றி எழுதுகிறவர். மாலை விமானத்தில் ஊர் திரும்புகிறார். கடைசி மதியச் சாப்பாட்டுக்குப் பச்சைக் கோதுமை அடைத்த புறா என்று பேச்சு.

"இன்னும் எவ்வளவு தூரம்மா?"

"மூக்கைத் திறந்து வச்சுக்கிட்டு வாங்க உஸ்தாத், அதுவே சொல்லும்."

சாக்கடைக் குழாய்க்காக அந்தச் சந்தின் நடுவே பிளந்து போட்டிருந்தார்கள். பள்ளத்தின் மேல் போட்ட ஒற்றைப் பலகை ஒன்றுதான் வழி. அது போய் முடிந்த இடம் ஷஹாத்தின் புதுக் கடை வாசல். ஷஹாத் அவள் தங்கை நவ்வாராவின் புருஷன். அவனைத் தாண்டித்தான் புறாவுக்குப் போக வேண்டும். பட்டப்பகலில் வண்ண விளக்கு எரிய, அவன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"என்ன மதினி, வாசலோட போறீங்க? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"நூறு வருஷம் இரு மாப்பிள்ளை. இவருக்கு விமானத்துக்கு நேரமாச்சு."

"ஓட்டை உடைசல் கடைக்கெல்லாம் ஆள் கூட்டிட்டுப் போறீங்க. தங்கச்சி கைச் சோறு மட்டும் கசக்குதா?"

தங்கை கை கசக்காது. ஷஹாத் வாங்கிப் போடும் எண்ணெய்தான் கசக்கும். கடை திறந்த அன்று ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் படுத்திருந்தாள் இன்ஷிரா. அதை நடுத்தெருவில் சொல்ல முடியுமா?

எதிர்க் கடையில் நாவிதர் அப்துல் ஆல் ஒருவர் தாடையில் கத்தி வைத்திருந்தார். ஷஹாத் அவரையும் சாட்சிக்கு இழுப்பதுபோலக் கையை உயர்த்தினான். முகமெல்லாம் சிரிப்பு.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இந்த விருந்தாளி என் மேசையில ஒரு வாய் சாப்பிடாம இங்கேருந்து போனா, என் பொண்டாட்டி தலாக்."

நாவிதரின் கத்தி நின்றது.

அந்தப் பேட்டையில் ஒரு டீ குடிக்க வைப்பதற்கும் ஆண்கள் இப்படிச் சத்தியம் போடுவார்கள். விருந்தாளி பதறிப்போய்க் குடிப்பார், சத்தியம் காற்றோடு போய்விடும். ஆனால் ஷஹாத்துக்கு இரண்டு முறை போகவில்லை. மச்சான் வண்டிச் சாவி தரவில்லை என்றால் தலாக் என்றான், மச்சான் தரவில்லை. கேட்காமல் உன் அம்மா சாவுக்குப் போனால் தலாக் என்றான், நவ்வாரா போனாள். இரண்டையும் பள்ளிவாசல் ஷேக் தலாக் கணக்கில் வைத்தார். இரண்டு முறையும் ஷஹாத் அழுது அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டான். மூன்றாவது விழுந்தால் அந்த வழியும் இல்லை.

"என்னால ஒரு குடும்பம் கெட வேண்டாம்மா. ஒரு வாய்தானே?" என்றார் நாயிஃப்.

உட்கார்ந்தார்கள். வாசலைப் பார்த்த நாற்காலியில் ஷஹாத் உட்கார்ந்துகொண்டான். இன்ஷிரா தலையாட்டினால் இந்த மனிதர் நல்ல கடை என்று எழுதிவிடுவார். அவள் சொல்லுக்கு இருந்த மதிப்பு அத்தோடு போயிற்று. ஆட்டாவிட்டால் தங்கை தெருவில். சரி, பதினோரு வருடத்தை ஒரு வாயோடு விழுங்கிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள்.

நவ்வாரா சோறும் முலுக்கியாக் கீரைக் குழம்பும் கொண்டுவந்தாள். ரொட்டியை வைக்கிற சாக்கில் குனிந்தாள்.

"அக்கா, தலையாட்டாதே."

"அவ்வளவு மோசமா இருக்கா?"

"நல்லா இருக்கு. இன்னைக்கு நெய் நான் வாங்கினது."

"பின்ன என்னடி? அவன் சொன்னது கேட்கலையா உனக்கு?"

"கேட்டுச்சு. அதனாலதான் சொல்றேன்."

இன்ஷிரா தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

"ஒவ்வொரு தடவையும் யாராவது ஒரு வாய் தின்னு, என்னை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போறாங்க. பாவம்னு நினைச்சுத்தான் தின்றாங்க. நீயும் தின்னுடாதே."

"எத்தனை நாளா இப்படி நினைக்கிறே?"

"அம்மா சாவுலேருந்து."

"அங்க என்ன குசுகுசு?" என்றான் ஷஹாத். "சாப்பாடு ஆறுது மதினி."

இன்ஷிரா ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து வாயில் வைத்தாள். நெய்யில் வறுத்த பூண்டும் கொத்தமல்லியும் தொண்டைவரை மணத்தன. அப்படியே அம்மாவின் கை. பதினோரு வருடத்தில் இவ்வளவு நல்ல முலுக்கியாவை அவள் யாருக்கும் காட்டியதில்லை. தலை தன்னால் அசையப் பார்த்தது. கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நாயிஃபின் கை தட்டுக்கு மேலேயே நின்றது. அவர் தட்டைப் பார்க்கவில்லை. அவள் தலையைத்தான் பார்த்தார்.

"எழுந்திருங்க உஸ்தாத். புறா ஆறிடும்."

"மதினி, நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"எனக்கு மட்டுமா? தெருவுக்கே இருக்கு."

"சார், நீங்களாவது ஒரு வாய்... ஒரே வாய்." ஷஹாத்தின் குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது.

நாயிஃப் நவ்வாராவைப் பார்த்தார். அவள் தண்ணீர்க் குவளையை வைக்கிற சாக்கில் தட்டை அவர் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தினாள்.

"மன்னிச்சுக்கங்க. இவங்க தலையாட்டினாதான் நான் சாப்பிடுவேன்" என்று எழுந்தார்.

வாசலைத் தாண்டினார்கள்.

"ஷேக்கிட்ட போறேன். கோபத்துல சொன்னது கணக்கில்லைம்பார்" என்றான் ஷஹாத்.

நாவிதர் கத்தியைத் துணியில் துடைத்தார். "சிரிச்சுக்கிட்டேதானப்பா சொன்னே."

கடையைத் தாண்டிப் புறாவுக்குப் போகும் வழியிலும் பள்ளத்தின் மேல் ஒற்றைப் பலகைதான். நாயிஃப் முன்னால் போக, இன்ஷிரா பின்னால் காலை வைத்தாள். திரும்பிப் பார்த்தால் பள்ளத்தில் விழ வேண்டும். அவள் பார்க்கவில்லை. செய்தது சரியா என்று தெரியவில்லை. நாக்கில் அந்தப் பூண்டு மணம் மட்டும் நின்றது. பாதி தூரத்தில் பலகை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

"மெதுவாப் போ அக்கா" என்றது பின்னால் ஒரு குரல். "காலையிலேருந்து நானும் சாப்பிடலை."